தட்டிக்கொடுத்தலும் முகத்துதியும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூரை நெருங்குகையில் இடைப்படும் சிற்றூர் பென்னலூர். ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த தொண்டைமண்டலத்து ஊர்களுள் ஒன்று. இன்று அதன் அருகில் இருங்காட்டுக்கோட்டை, அப்பால் திருப்பெரும்புதூர், தெற்கே ஒரகடம் என்று ஆலைகளின் வரிசை நீள்கிறது. 1996-இல் நிறுவப்பட்டு 1998-இல் தன் முதல் காரை வெளியிட்ட கொரியாவின் ஹூண்டாய், 2000-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிரான்சின் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, 2006-இல் வந்து 2014-இல் மூடப்பட்ட பின்லாந்தின் நோக்கியா, 2007-இல் சாம்சங், 2010-இல் ரெனால்ட்–நிசான், 2012-இல் ஜெர்மனியின் டெய்ம்லர், சுங்குவார்சத்திரத்தில் தைவானின் ஃபாக்ஸ்கான். ஒரு தலைமுறைக்குள் உலகின் ஏழெட்டு மொழிக்காரர்கள் நம் வயற்காட்டுக்கு நடுவே வந்து நம் பிள்ளைகளுக்கு மேலாளர்களாக அமர்ந்துவிட்டனர்.

இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. நிலம் போனது பற்றியும், ஏரிகள் மெலிந்தது பற்றியும், ஊதியம், உணவு, விடுதி பற்றியும் எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியவையே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அவற்றினும் சிறியதாகத் தோன்றும் ஒரு பொருள். வேலைத்தலத்தில் ஒருவரை ஒருவர் எப்படிப் பாராட்டுகிறோம், பாராட்டப்படும்போது என்ன செய்கிறோம் என்பதே அது. வாய்ச்சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆண்டு இறுதியில் அப்ரைசல் என்னும் பெயரில் மதிப்பெண் போடப்படுவதும், பயிற்சிக்காலம் முடிந்தவனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த வாய்ச்சொற்களின் வழியாக உருவான எண்ணங்களைக் கொண்டுதான். ஆகவே இது வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய விஷயம்.

ஓர் எளிய நிகழ்வை எண்ணிப் பார்ப்போம். லைனில் பழுது ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்த இளைஞனிடம் வெளிநாட்டு மேலாளர் வந்து, எல்லார் முன்னிலையிலும், "வெரி குட் ஜாப்" என்கிறார். இளைஞன் தலையைக் குனிந்துகொள்கிறான். வாய் திறந்தால், "அதெல்லாம் ஒன்னுமில்ல சார்" என்கிறான். அல்லது பக்கத்திலிருப்பவரைக் காட்டி, "அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தாரு" என்கிறான். மேலாளர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? தன்னம்பிக்கை இல்லாதவன் என்று புரிந்துகொள்ளலாம். பழுதை உண்மையில் சரிசெய்தவர் அந்த அண்ணன்தானோ என்றும் ஐயுறலாம். இளைஞனோ, தான் பண்போடு நடந்துகொண்டதாக நினைத்து வீடு திரும்புகிறான்.

இதன் மறுபக்கமும் உண்டு. முப்பது ஆண்டுப் பட்டறிவுள்ள தமிழ் சூப்பர்வைசர் ஒருவர் இளைஞனின் வேலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே தம்பி" என்கிறார். தமிழ்க் காதுக்கு இது பதக்கத்துக்குச் சமம். அந்த ஏகாரம் ஒன்றே போதும். அவன் அதை ஒரு வாரத்துக்கு நினைத்துக்கொண்டிருப்பான். ஆயின் இச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் எழுதினால், 'குறைசொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறது' என்றாகி, ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணாக முடியும். ஒரே உழைப்பு, இரு பாராட்டு. ஒன்றைப் பெறத் தெரியவில்லை, மற்றொன்றை எடுத்துச்சொல்ல இயலவில்லை. இடையில் நசுங்குகிறவன் உழைத்தவன்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? நம் மொழியையே சற்றுத் துழாவிப் பார்ப்போம். ஒருவரை நேருக்கு நேர், அந்தக் கணத்திலேயே பாராட்ட நாம் அன்றாடம் பயன்படுத்தும் சொற்கள் எவை? சபாஷ், பேஷ், பலே, இப்போது சூப்பர். எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. சபாஷ் என்பது 'மகிழ்ந்திரு' என்று பொருள்படும் பாரசீகத் தொடரின் மருவல். மேலே கண்ட 'பரவாயில்லை'யில் வரும் 'பரவா'வும் அவ்வழி வந்ததே. நன்று, அருமை என்னும் நம் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பெரிதும் பொருளைப் பற்றிச் சொல்வோம், ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வது குறைவு. மாறாக, பொய்ப்பாராட்டைக் குறிக்க நம்மிடம் சொற்பஞ்சமே இல்லை. ஐஸ் வைத்தல், சோப்புப் போடுதல், காக்காய் பிடித்தல், ஜால்ரா தட்டுதல், துதிபாடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக முகத்துதி. இச்சொல்லின் நேர்ப்பொருள் முகத்துக்கு எதிரே புகழ்வது என்பது மட்டுமே. அப்புகழ்ச்சி பொய் என்று சொல்லில் எங்கும் இல்லை. முகத்துக்கு நேரே சொன்னாலே அது ஐயத்துக்குரியது என்று மொழி முடிவுகட்டிவிட்டது!

இதனோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். திருக்குறளின் 19-ஆம் அதிகாரம் புறங்கூறாமை. ஒருவர் இல்லாதபோது அவரைப் பழிப்பது கொடிய குற்றம் என்பதை வள்ளுவர் பத்துக் குறட்பாக்களில் வலியுறுத்துகிறார். முன்னால் புகழ்வது முகத்துதி. பின்னால் பழிப்பது புறங்கூறல். இவ்விரண்டையும் விலக்கிவிட்டால் எஞ்சுவது எது? பழிப்பதாயின் முகத்துக்கு நேரே. புகழ்வதாயின் ஆள் இல்லாதபோது. தமிழ் மேஸ்திரிகளும் பழைய ஆலைகளின் ஃபோர்மேன்களும் கடைப்பிடித்தது ஏறக்குறைய இந்த நெறியைத்தான். லைனில் நிற்க வைத்துக் கத்துவார். மாலையில் டீக்கடையில் மற்றவர்களிடம், "பய கெட்டிக்காரன்யா" என்பார். அந்தச் சொல் இரண்டு மூன்று வாய்கள் மாறி இளைஞனை வந்தடையும். வழியில் தேயாமல் வந்தால் அதற்கு மதிப்பு மிகுதி. ஏனெனில் கேட்பதற்கு அவன் அங்கு இல்லாதபோது சொல்லப்பட்டது.

இன்றைய மேலாண்மைப் பாடங்கள் கற்பிக்கும் விதியோ இதற்கு நேர் எதிர்: பலர் முன் பாராட்டு, தனியே அழைத்துக் குறைசொல். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பலர் முன் ஏச்சு வாங்கியவனின் மனம் படும் பாட்டை நம் நெறி எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரு விதிகள் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன என்பதையாவது அறிந்திருக்க வேண்டாமா?

மொழியியலார் இதை அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். 1978-இல் அனிதா பொமெரண்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பாராட்டப்படுகிறவர் ஓர் இருதலைக்கொள்ளியில் அகப்படுகிறார் என்று காட்டினார். ஒப்புக்கொண்டால் தற்புகழ்ச்சி, மறுத்தால் பாராட்டியவரின் சொல்லைப் பொய்யாக்குவது. அமெரிக்கர்களுமே 'நன்றி' என்று சொல்லி முடித்துவிடாமல் பலவிதமாக நெளிந்து தப்பிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. நெஸ்ஸா வுல்ஃப்சனும் ஜோன் மேன்ஸும் அமெரிக்கப் பாராட்டுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெயரடை கொண்டு அமைந்த பாராட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே ஐந்து அடைமொழிகளால் ஆனவை என்று தெரியவந்தது. ஆக, அங்கு பாராட்டு என்பது வணக்கம் சொல்வதைப் போன்ற ஒரு சடங்கு. சடங்குக்குச் சடங்காகப் பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நாமோ அதை மெய்யான மதிப்பீடாக எடுத்துக்கொண்டு அதன் எடையில் குனிந்துபோகிறோம்.

இனி நம் வட்டாரத்துக்கு வந்தவர்களைப் பார்ப்போம். வேடிக்கை இங்குதான் இருக்கிறது. கொரியர் வேலை முடிவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது 'சுகோ' என்னும் சொல்லைக் கொண்ட ஒரு தொடர். பட்ட பாடு, எடுத்த முயற்சி என்பது அதன் பொருள். திறமையைப் புகழாமல் சிரமத்தை ஏற்றுக்கொள்ளும் சொல். அதையும் வயதில் மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ சொல்வது மரியாதைக் குறைவென்று அங்கு கருதும் மரபு உண்டு. ஜப்பானியர் 'ஒட்சுகரேசமா' என்பர். களைத்திருப்பீர்கள் என்னும் உட்பொருள் கொண்டது. கீழுள்ளவருக்கு மேலுள்ளவர் சொல்ல 'கொகுரோசமா' என்று தனியே ஒரு வழக்கு இருக்கிறது. நேரே பாராட்டினால் ஜப்பானியரும், இல்லை, நான் இன்னும் தேறவில்லை என்ற பொருளிலேயே விடையிறுப்பது வழக்கம். ஜெர்மானியர் எப்படி? டெய்ம்லர் பிறந்து வளர்ந்த ஸ்டுட்கார்ட் வட்டாரத்தாரைப் பற்றி ஒரு பழமொழி வழங்குகிறது. திட்டாமல் இருந்தாலே போதுமான பாராட்டு என்பது அதன் கருத்து. நம் பட்டறை மேஸ்திரிகள் அங்கே பிறந்திருக்கலாம்.

ஆக, இந்த ஆலைகளுக்கு வந்தவர்களில் பலரும் தம் தாய்நாட்டில் அள்ளி வீசிப் பாராட்டுகிறவர்கள் அல்லர். தமிழ்த் தொழிலாளியும் கொரிய, ஜப்பானிய மேலாளரும் இந்த ஒன்றில் பங்காளிகள் என்றே சொல்லலாம். ஆனால் இருவரும் சந்திக்கும் இடத்தில் பேசப்படுவது இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலம். பின்பற்றப்படுவது இருவருக்கும் உரித்தல்லாத அமெரிக்கப் பாடநூலின் விதி. வெட்கப்பட வேண்டாம், கண்ணைப் பார், 'தேங்க் யூ' சொல் என்று மென்திறன் வகுப்புகளில் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுவது அந்த விதிதான். கற்பிப்பதில் பிழையில்லை. நம் பிள்ளைகளிடம் ஏதோ குறைபாடு இருப்பதாகச் சொல்லிக் கற்பிப்பதில்தான் பிழை இருக்கிறது.

அவையடக்கம் என்பது குறைபாடா? தொல்காப்பியச் செய்யுளியல் அவையடக்கியலுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. பாற்கடலைக் குடிக்க ஆசைப்பட்ட பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்ட பிறகுதான் கம்பன் இராமகாதையைத் தொடங்குகிறான். ஒரு நேர்காணல் குழுவினர் அந்தப் பாயிரத்தை மட்டும் படித்திருந்தால், 'தன்னம்பிக்கை போதாது' என்று எழுதி அவனை வெளியே அனுப்பியிருப்பார்கள். தான் எளியவன் என்று சொல்வது, வல்லவர்கள் நிறைந்த அவையில் உரிமையோடு பேசத் தொடங்குவதற்கு நம் மரபு வைத்த வாசற்படி. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் அதன்பின் வருவதற்காகக் காத்திருப்பார்கள்.

ஆனால் நம் மரபு அடக்கத்தை மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. இதை நாம் நம் மாணவர்களுக்கே ஒழுங்காகச் சொல்வதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்கிறது. அதனால் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், தகுதியுடைய உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. அதே நன்னூல், தற்புகழ்ச்சி தகும் இடங்கள் நான்கு என்றும் உடனடியாக எண்ணிக் காட்டுகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை உணராதவர்களிடையே. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. மாற்றான் தன்னைப் பழித்தபோது.

இந்நான்கையும் இன்றைய வழக்கில் வைத்துப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவது அரசவைக்கு ஓலை விடுப்பதல்லாமல் வேறென்ன? நேர்காணல் அறை, நம் ஆற்றலை உணராதவர் அவை. அப்ரைசல் படிவத்தில் 'இவ்வாண்டு நீங்கள் சாதித்தவை' என்ற கட்டத்தை நிரப்புவது அவையில் வாதிடுவது. நம் மேல் தவறாகப் பழி போடப்படும்போது மறுத்துரைப்பது நான்காவது. கல்லூரியில் மாதிரி நேர்காணல் நடத்தும்போதெல்லாம் நாம் காண்பது, செய்த செயல்திட்டத்தை விளக்கச் சொன்னால் சொல்ல வாய் வராமல் நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளை. அவர்களிடம், வெள்ளைக்காரனைப் போலப் பேசு என்று சொல்வதைக் காட்டிலும், இது நன்னூல் இசைந்த இடம், இங்கே பேசு என்று சொல்வது எளிதாக உள்ளே இறங்குகிறது. தன் ஊர்ப்பண்பை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்ற உறுத்தல் அவர்களுக்கு இராது. வீட்டில் அடக்கம், அவையில் உரிய இடத்தில் உரிய சொல். இரண்டும் ஒரே மரபின் இரு விதிகள்.

மேலாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குறை சொல்வதற்கு முன்னும் பின்னும் ஒரு பாராட்டை வைத்து மறைத்துச் சொல்லும் உத்தியைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். தமிழ்க் காதில் அது எடுபடாது. புகழ்வதுபோலப் பழிப்பதும், பழிப்பதுபோலப் புகழ்வதும் நமக்குப் பழகிய அணி. தண்டியலங்காரம் இதனை இலேச அணியின் பாற்படுத்தும். புறநானூற்றின் 95-ஆம் பாடலை நினைவுகூரலாம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரிடம் அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பூட்டிப் பூச்சூட்டி நெய் தடவி அழகாக அடுக்கப்பட்டிருந்த படைக்கலங்களைப் புகழ்ந்துவிட்டு, தம் தலைவனின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் அவர். புகழ்ச்சி முடிவதற்குள் தொண்டைமானுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தொண்டைமானின் பெயர் தாங்கிய தொண்டைநாட்டு மண்ணில்தான் இந்த ஆலைகள் நிற்கின்றன. இங்குள்ள பிள்ளைகளிடம் போய் இரண்டு இனிப்புக்கு நடுவே ஒரு கசப்பை வைத்துக் கொடுத்தால், முதல் இனிப்பை வாயில் போடும்போதே, "அடுத்து என்ன வரப்போகிறது?" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பின்னர் மெய்யாகவே பாராட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

எதைப் பாராட்டுவது என்பதிலும் நாடுகள் வேறுபடும். உடை நன்றாக இருக்கிறது, முடியலங்காரம் அழகாக இருக்கிறது என்பவை மேலைநாட்டு அலுவலகங்களில் காலை வணக்கத்தைப் போல வழங்குபவை. நம்மிடம், பெண்ணொருத்தியின் தோற்றத்தை அயலான் ஒருவன் வேலைத்தலத்தில் புகழ்ந்தால் அது எல்லை மீறல். மாவட்டந்தோறுமிருந்து வந்த இளம்பெண்கள் மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கில் வேலைசெய்யும் வட்டாரம் இது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி வளாகம் ஒன்றில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்க இடமுண்டு. வீட்டை விட்டு முதன்முறையாக வந்த அந்தப் பெண்ணுக்கு, "இன்னைக்கு அழகா இருக்கீங்க" என்னும் சொல் பாராட்டாக ஒலிக்காது. இன்று இவனுக்கு முகம் கொடுக்க வேண்டுமா, நாளை வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்ற கவலையாகத்தான் ஒலிக்கும். விரும்பத்தகாத பாலியல் சொற்களும் துன்புறுத்தலே என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது, தோற்றத்தைப் புகழும் சொல் எவ்வளவு எளிதில் வழுக்கும் என்பதைச் சட்டம் இயற்றியோரும் அறிந்திருந்ததால்தான். அவள் பிடித்த சாலிடரிங் கம்பியின் நேர்த்தியைப் புகழ்ந்தால் அவள் நிமிர்வாள். முகத்தைப் புகழ்ந்தால் குனிவாள்.

இங்கே ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றின் கருத்து மிகப் பொருந்துகிறது. யாரை எங்கே, எப்போது புகழ வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசிரியரை எல்லா இடத்திலும், மனைவியைத் தனிமையில், பிள்ளைகளை மனத்துக்குள், வேலை செய்தவரை வேலை முடிந்த வேளையில். மனைவியை, பிள்ளைகளைப் பற்றிய கருத்து இன்றைக்கு அப்படியே ஒப்பத்தக்கதன்று. பாராட்டையே கேளாமல் வளர்ந்த பிள்ளை பாராட்டை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் நிற்பதில் வியப்பென்ன? ஆனால் பாடலின் அடிப்படை ஆழமானது. பாராட்டுக்கு இடமும் காலமும் உறவும் உண்டு என்கிறது. தோற்றத்தின் புகழ்ச்சி நெருங்கிய உறவுக்குள் அடங்கட்டும், வேலையின் புகழ்ச்சி வேலைத்தலத்தில் ஒலிக்கட்டும் என்று நாம் அதை இன்றைக்கு விரித்துக்கொள்ளலாம்.

அப்பட்டியலில் உழைப்பாளிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் நடைமுறையில் நாம் மறந்துபோனது அந்த இடத்தைத்தான். தமிழர் பாராட்டுவதில் கருமிகள் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நம் சாலைகளைப் பாருங்கள். பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் பதவியேற்புக்கும் எழும் ஃபிளெக்ஸ் பேனர்களில் இல்லாத அடைமொழி உண்டா? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அப்படியொரு பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் வேலையிலிருந்து திரும்பிய 23 வயதுப் பெண் பின்னால் வந்த லாரியில் சிக்கி உயிரிழந்தார். பாராட்டின் பஞ்சம் நமக்கில்லை. அது எப்போதும் மேல்நோக்கியே பாய்கிறது. அதிகாரத்தில் உள்ளவரை நோக்கி, கொடுக்க வல்லவரை நோக்கி. ஆயுதபூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சூட்டுகிறோம்; நல்ல வழக்கம்தான். ஆண்டு முழுவதும் அந்த இயந்திரத்தின் முன் நின்றவனுக்குக் கிடைப்பது ஒரு பொட்டலம் பொரியும் சுண்டலும்.

கீழ்நோக்கிப் பாராட்டும் பழக்கம் நம்மிடம் இல்லாததால், வெளிநாட்டு மேலாளர் போகிறபோக்கில் சொல்லும் 'குட் ஜாப்' நம் பிள்ளைகளை அவ்வளவு திகைக்க வைக்கிறது. அதே திகைப்பு சில வேளை சுரண்டலுக்கும் வழிவகுக்கும் என்பதையும் மறைக்கலாகாது. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படம் மாட்டுவதும் கைதட்டுவதும் செலவில்லாதவை. உரிய ஊதியத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் மாற்றாக அவை வைக்கப்படுமானால், அதற்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ஐஸ் வைத்தல். 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கித் திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஊதிய உயர்வோடு முதன்மையாக இருந்தது தம் சங்கத்துக்கு அங்கீகாரம். அச்சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. அங்கீகாரம் என்ற சொல்லை நாம் பாராட்டுக்கும் பயன்படுத்துகிறோம், சட்டப்படியான ஏற்புக்கும் பயன்படுத்துகிறோம். உழைப்பவர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கலாகாது.

இவையெல்லாம் காலப்போக்கில் தாமே மாறிவிடும், இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று சிலர் கேட்கக்கூடும். மாறும் என்பது உண்மைதான். சீனாவின் சியான் நகர மாணவர்களிடம் ரோங் சென் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பாராட்டுக்கு வந்த விடைகளில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவை மறுப்புகள். அதே நகரில் மீண்டும் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தபோது நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவை ஏற்புகளாகிவிட்டன. ஒரு தலைமுறைக்குள் ஒரு நகரம் குனிவதை விட்டு நிமிர்ந்திருக்கிறது. பென்னலூரும் அவ்வழியே போகலாம். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மதிப்பெண் இழந்து, வேலை இழந்து போவார்கள். அவர்கள் வாழ்க்கையை ஆய்வுக்கட்டுரையின் இடைவெளியாக விட்டுவிட முடியாது.

ஆகவே நாம் வேண்டுவன சில. ஆசிரியர்களாகிய நாம் மாணவர்களுக்கு 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லைக் கூச்சமின்றிச் சொல்லப் பழக்குவோம். குறளில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையைக் குறிக்கிறது. 'நீங்கள் சொன்னது எனக்கு நன்மை' என்று அதைப் புரிந்துகொண்டால் அதில் தற்புகழ்ச்சி ஏதுமில்லை. அதன்பின் அண்ணனைக் காட்ட விரும்பினால் காட்டட்டும். அதில் அழகு இருக்கிறது. மேலாளர்கள், குனிந்த தலையை மட்டும் பார்த்துத் தன்னம்பிக்கை மதிப்பெண்ணைக் குறைக்காமல், அவன் சரிசெய்த இயந்திரத்தைப் பார்த்து மதிப்பெண் போடட்டும். பொதுவாக 'நன்று' என்று போய்விடாமல், எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி சொல்லட்டும். அந்த ஒரு வரியில்தான் முகத்துதியும் பாராட்டும் பிரிகின்றன. நம் சூப்பர்வைசர்கள் டீக்கடையில் சொல்வதை மாதம் ஒருமுறையாவது லைனிலும் சொல்லட்டும். அறிக்கையில் எழுதும்போது 'பரவாயில்லை'யை அதன் உண்மையான எடைக்கு மொழிபெயர்க்கட்டும்.

இன்னொன்று. ஒப்பந்தக்காலமும் பயிற்சிக்காலமும் முடிந்து இந்த ஆலைகளின் வாயிலைக் கடந்து வெளியேறும் பிள்ளைகள் மாதந்தோறும் இருக்கிறார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்திட்டு, கம்பெனி பஸ்ஸில் கடைசியாக ஒருமுறை ஏறுகிறார்கள். அவர்கள் செய்த வேலை இன்னின்னது, அது இவ்வளவு நன்றாக இருந்தது என்று அன்றைக்கு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு யாரேனும் கொடுத்தால், அடுத்த வாயிலில் காட்ட அவர்களுக்கு அது உதவும். வேலை முடிந்த வேளையில் பாராட்டு என்று நம் முன்னோர் சொன்னதன் இன்றைய வடிவம் அதுவாகத்தான் இருக்க முடியும்.